ஜன்னலுக்குக் கைப்பிடி கேட்கிறேன்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! தலைவர் ஆவதற்கு நெடுங்காலம் முன்பே என் அக்காளை மணந்து எனக்கு மச்சான் ஆகிவிட்ட மாண்பாளரே! அவருக்கு வலப்பக்கம் வழியும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே புன்னகை மாறாமல் இருக்கும் செயலாளர் அவர்களே! இந்தக் கட்டடத்துக்குப் பச்சைப் பலகை வழங்கிய குழுவிலிருந்து வருகை தந்திருக்கும் விருந்தினர் பெருமக்களே! வயதாலும் வாழ்ந்த அனுபவத்தாலும் என்னைவிட உயர்ந்து நிற்கும் பெரியோர்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்டு, பேச்சு நீண்டால் எழுந்து போய்விடுவோம் என்று பார்வையாலேயே சொல்லும் தாய்மார்களே! கதவோரம் நின்று காற்று வாங்கப் பார்க்கும் இளைய தோழர்களே! உங்கள் அனைவரையும் கூப்பிய கரத்தோடும் குமுறும் நெஞ்சோடும் வணங்குகிறேன்.

நான் இந்தக் கட்டடத்தில் குடியிருப்பவன் அல்லன். இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருப்பவன். பிறகு ஏன் இந்த மேடையில் நிற்கிறேன்? போன வாரம் மச்சான் என்னைக் கூப்பிட்டார். "உனக்குத்தான் வாய் இருக்கே. பச்சைக் கட்டடத்தைப் பத்தி நாலு வார்த்தை நல்லதா பேசி, தீர்மானத்தை ஆதரிச்சிட்டுப் போ" என்றார். வாய் இருப்பது என் குற்றமில்லை, அது குடும்பச் சொத்து. என் அக்காளுக்கும் உண்டு. அதை மச்சான் நன்றாக அறிவார்.

சிரிக்காதீர்கள். இன்று சிரிக்க வந்தவன் அல்லன் நான்.

முதலில் பாராட்டு. வெயில் முன்போல் இல்லை என்பதை இனி எவரும் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் பிடரியே சொல்கிறது. வந்தால் வெள்ளமாய் வருகிறது மழை. வராவிட்டால் வருவதே இல்லை. காலம் மாறுகிறதே, கட்டடம் மாற வேண்டாமா? மாறத்தான் வேண்டும்! ஊரைக் கொதிக்க வைக்கும் வீட்டை இடித்துவிட்டு, ஊரைக் காக்கும் வீட்டை எழுப்ப வேண்டாமா? எழுப்பத்தான் வேண்டும்! அப்படி எழுந்ததுதான் இந்தக் கட்டடம். கூரை முழுதும் சூரியத் தகடு. சுவர் முழுதும் கொடி. குளித்த நீர் கொடிக்கு, பெய்த நீர் தொட்டிக்கு. ஜன்னலைத் திறக்கக்கூட ஆள் வேண்டாம். வெளியே குளிர்ந்தால் மோட்டார் திறக்கும், வெளியே கொதித்தால் மோட்டார் மூடும். பூமியின் மேல் அக்கறை கொண்ட அறிவாளிகள் வரைந்த வீடு என்பதற்கு அடையாளமாக வாசலில் பளபளக்கிறது பச்சைப் பலகை. கைதட்டுங்கள். தட்ட வேண்டியவர்கள் இப்போதே தட்டிவிடுங்கள், பிறகு தட்ட மனம் வராது.

நன்றி. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

மோட்டார் ஜன்னல் என்றாலும் மனிதன் மனிதன்தானே? சமையலறையில் தாளித்தால் ஒருவர் கைப்பிடியைத் திருகி ஜன்னலைத் திறந்தார். துணி காய இன்னொருவர் திறந்தார். மழை வாசனைக்காக ஒருவர் திறந்தார். அவர் கவிஞராம், மன்னித்துவிடலாம். திறந்த ஜன்னல் வழியே ஏ.சி.யின் குளிர் வெளியே போனது, கட்டடம் குடிக்கும் மின்சாரம் கூடியது. இப்படியே போனால் அடுத்த முறை பலகை கிடைக்காது என்று சங்கத்துக்குப் பயம் பிடித்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? குடியிருப்பவர்களிடம் பேசினார்களா? இல்லை. மேற்குச் சுவருக்கு வெளியே நிழல் தரும் மறைப்பு கட்டினார்களா? இல்லவே இல்லை. திருப்புளியை எடுத்தார்கள்! மாடி மாடியாக ஏறினார்கள்! வீடு வீடாக நுழைந்து, ஜன்னல் ஜன்னலாகக் கைப்பிடிகளைக் கழற்றி, ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, சங்க அலுவலகத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்!

கேளுங்கள் தாய்மார்களே, இதையும் கேளுங்கள். அவசியம் என்றால் சங்கத்தில் வந்து காரணம் சொல்லி ஒரு கைப்பிடியை வாங்கிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். புத்தகத்தை இரவல் கொடுத்துப் பார்த்திருக்கிறேன், குடையை இரவல் கொடுத்துத் திரும்பி வராமல் அழுதிருக்கிறேன். காற்றை இரவல் கொடுக்கும் கட்டடத்தை இங்கேதான் கண்டேன்.

செயலாளர் ஏதோ சொல்கிறார். "எல்லாரும் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தாங்க" என்கிறாரா? ஆமாம் ஐயா, போட்டார்கள். பலகை போனால் வீட்டின் மதிப்பு போய்விடும் என்று பயந்து போட்டார்கள். பயத்தில் போட்ட கையெழுத்தைப் பெருமையாகச் சொல்லாதீர்கள்.

இனி போன மாதத்து மதியம் ஒன்றுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். அன்றைய வெயிலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், தார்ச்சாலையில் செருப்பு ஒட்டிய நாள். நான்காம் மாடியில், மேற்குப் பார்த்த வீட்டில், என் அக்கா தனியாக இருந்தார். முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்திருந்த நேரம். கட்டிலிலிருந்து கழிவறை வரை போவதே அவருக்குக் காசிப் பயணம். கீழே சங்க அலுவலகத்தில், தலைவராகிய மச்சான், பலகைக் குழுவின் விருந்தினர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஊர் முழுக்க மின்சாரம் நின்றது.

ஏ.சி. நின்றது. லிஃப்ட் நின்றது. ஜன்னலைத் திறக்கும் மோட்டாரும் மூடிய நிலையிலேயே நின்றது. கூரையில் சூரியத் தகடு இருக்கிறதே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்! தெருவில் மின்சாரம் நின்றால், கம்பியில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று அந்தத் தகடுகளும் தாமாகவே நின்றுவிடுமாம். அப்போதும் ஓட வேண்டுமானால் தனியாக பேட்டரி வைத்திருக்க வேண்டுமாம். வைக்கவில்லை. யானை வாங்கியவர்கள் அங்குசத்தை மறந்தார்கள். தலைக்கு மேலே கொளுத்துகிறது சூரியன், அதற்குக் கீழே தூங்குகிறது சூரியத் தகடு! இதைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. உங்களுக்குச் சுற்றவில்லையா?

மேற்குச் சுவர் முழுதும் கண்ணாடி. வெயில் உள்ளே வந்தது, வெளியே போக வழியில்லை. மூடி போட்ட பாத்திரமாக வெந்தது வீடு. அக்கா மச்சானுக்குப் போன் செய்தார். கைப்பிடி கேட்டார் என்று மச்சானே என்னிடம் சொன்னார். இவர் என்ன பதில் சொன்னார்? அதையும் அவரே சொன்னார். "பெரியவங்க வந்திருக்காங்க. கொஞ்சம் பொறுத்துக்கோ, கரண்டு இப்ப வந்துடும்." அலமாரி இவருக்குப் பின்னாலேயே இருந்தது. சாவி இவர் சட்டைப் பையில் இருந்தது. கரண்டு வரவில்லை, இவரும் போகவில்லை.

அக்கா மறுபடி போன் செய்யவில்லை. செய்யும் நிலையில் இல்லை. எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா, இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார், அக்கா எப்படி இருக்கிறார் என்று பார்த்துவர உள்ளே போயிருக்கிறார். கட்டிலோரத்தில் சாய்ந்து கிடந்த அக்காளின் உடம்பு அனலாகக் கொதித்தது, வியர்வை நின்று போயிருந்தது, பேச்சு குழறியது. டாக்டரம்மா ஜன்னலுக்கு ஓடினார். கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். விரலை விட்டு இழுத்தார், நகம்தான் பெயர்ந்தது. தம் வீட்டுக்கு ஓடி, மகன் உடற்பயிற்சிக்கு வைத்திருந்த இரும்பு எடையைத் தூக்கி வந்தார். வலிக்காமல் பல்லைப் பிடுங்குகிற அந்தக் கை, ஓங்கி அடித்து ஒரு ஜன்னலையே பிடுங்கியது!

தட்டுங்கள், இதற்குத் தட்டுங்கள்!

கண்ணாடி பொடிப்பொடியாக எங்கே விழுந்தது? கீழே புல்வெளியில். யாருக்குச் சற்று அருகில்? பச்சைப் பலகையைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டிருந்த விருந்தினர்களுக்குச் சற்று அருகில். நல்ல வேளை, யார் மேலும் படவில்லை. எல்லாரும் மேலே பார்த்தார்கள். அப்போது கீழேயிருந்து எழுந்த முதல் கேள்வி என்ன? "யாருக்கு என்ன ஆச்சு?" என்பதா? அன்பர்களே, முதல் கேள்வி, "கண்ணாடியை யார் உடைச்சது?"

அக்காளை நாற்காலியில் உட்கார வைத்து, நான்கு பேர் படி வழியே சுமந்து இறக்கினார்கள். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட என் காது இன்னும் குளிரவில்லை. வெள்ளத்தில் செத்தார் என்றால் விதி என்பார்கள். புயலில் செத்தார் என்றால் இயற்கை என்பார்கள். பூமியைக் காப்பாற்றக் கட்டிய வீட்டுக்குள், பகல் வெளிச்சத்தில், புருஷன் கீழ்மாடியில் இருக்க, ஜன்னல் திறக்காமல் செத்தார் என்றால் அதற்கு என்ன பேர் வைப்பார்கள்?

அதிர்ச்சி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. இன்றைக்கு நான் ஆதரிக்க வேண்டிய தீர்மானத்தைச் செயலாளர் என் கையில் கொடுத்தார். படித்தேன். மறுபடி படித்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். கைப்பிடிகள் அடுத்த ஆண்டும் அலமாரியிலேயே இருக்குமாம். அன்று நடந்ததுபோல் இனி நடக்காதிருக்க, மேற்குப் பக்கம் முழுவதும் உடையாத கண்ணாடி போடுவார்களாம்!

உடையாத கண்ணாடி! கேட்டீர்களா? தப்பிக்க இருந்த ஒரே வழியையும் அடைக்கிறார்கள், அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறார்கள்!

இதோ, விருந்தினர் அம்மையார் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். சொல்லுங்கள் அம்மா... சபையோரே, இவர் சொல்வதை அப்படியே உங்களிடம் ஒப்படைக்கிறேன். கைப்பிடியைக் கழற்றச் சொல்லி அவர்கள் குழு ஒருபோதும் கேட்கவில்லையாம். கழற்றியது இன்று, இந்த நிமிடம்தான் அவருக்குத் தெரியுமாம். மின்சாரம் நின்றால் கையால் திறக்க முடியாத வீட்டுக்குப் பலகையே கிடையாதாம்.

மச்சான், கேட்டுச்சா?

கேட்காத ஒன்றுக்காகக் கழற்றினோம். இல்லாத விதிக்கு நாமே பயந்தோம். நாளைய வீடு எப்படி இருக்க வேண்டும் என்று மாநாடு போட்டுப் பேசுகிறோமே, நான் சொல்கிறேன். வெயிலைச் சுவருக்கு வெளியிலேயே நிறுத்துகிற வீடு வேண்டும். கிழக்கே நுழைந்த காற்று மேற்கே வெளியேறுகிற வீடு வேண்டும். மின்சாரம் போன மதியத்திலும் மனிதர் மூச்சு விடுகிற வீடு வேண்டும். காலம் கெட்டுக்கொண்டே போகிறது, இதைவிடக் கொடிய கோடைகள் வரும். அந்தக் கோடையில் உங்கள் வீடு உங்களுக்கு நிழலா, சிறையா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத கட்டடத்துக்கு எத்தனை கொடி படரவிட்டால் என்ன, எந்த நிறத்தில் பலகை மாட்டினால் என்ன!

ஆகவே இந்தத் தீர்மானத்தை நான் ஆதரிக்க வரவில்லை, எதிர்க்கிறேன். தலைவர் அவர்களே, அலமாரிச் சாவியைக் கேட்கிறேன். என் அக்காளுக்காகக் கேட்கிறேன். மேற்குப் பார்த்த அத்தனை வீட்டுக்காகவும் கேட்கிறேன். அன்று அவர் கேட்ட கைப்பிடியை இன்றாவது கொடுங்கள்.

யார் எழுந்தது? அக்கா, நீ ஏன் எழுந்திருக்கிறாய்? கால் வலிக்கும், உட்கார். என்ன? சத்தமாகச் சொல், ஒலிவாங்கி அங்கே எட்டாது. சபையோரே, கொஞ்சம் அமைதி.

"தம்பி, நீ தப்பா சொல்ற. நான் கைப்பிடி கேக்கல. பயமா இருக்கு, மேல வாங்கன்னுதான் கேட்டேன்."

மன்னியுங்கள். எனக்கும் இது இப்போதுதான் தெரியும். இத்தனை நேரம் கைப்பிடி, கைப்பிடி என்று முழங்கிக்கொண்டிருந்தேன்.

தலைவர் எழுந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் தீர்மானத்தின் மேல் வைத்துவிட்டு அக்காளை நோக்கி மேடைப் படியிறங்குகிறார். வழி விடுங்கள், யாரும் அவரை எதுவும் கேட்காதீர்கள். முன்வரிசைத் தாய்மார்களே, அக்கா பக்கத்தில் ஒரு நாற்காலி காலி செய்து கொடுங்கள். டாக்டரம்மா, நீங்கள் மேடைக்கு வந்து இந்தச் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். கதவோரத் தோழர்களே, அவரோடு போங்கள். சாக்கு கனமாக இருக்கும்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், எழுந்து போகாமல் இருந்த தாய்மார்களுக்கும், உண்மையைச் சபையிலேயே சொன்ன விருந்தினர் அம்மையாருக்கும் என் நெஞ்சின் நன்றி. இன்றைக்குப் பேச்சு போதும். எல்லாரும் அவரவர் வீட்டுக்கு ஏறிப் போய், உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். வணக்கம்.