தம்பிக்கு நான் தேர்ந்தெடுத்த கேமரா

கையால் திருப்பி ஃபோகஸ் செய்யும் பழைய மேனுவல் லென்ஸ் வைத்திருப்பவர்கள் புதுக் கேமரா வாங்குவதை நான் என்றைக்கும் ஆதரித்ததில்லை. விலை குறைந்த புதுக் கேமராக்களில் வ்யூஃபைண்டர் சாவித்துவாரம் மாதிரி இருக்கும். பழைய லென்ஸை மாட்டினால் வெளிச்சத்தை அளக்கவும் மறுத்துவிடும். அதே விலைக்குக் கொஞ்சம் பழைய, உயர்ரக டிஎஸ்எல்ஆர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிவிடலாம். கேமரா பழுதுபார்ப்பதுதான் என் தொழில். இந்த விஷயத்தில் என் பேச்சை நீங்கள் நம்பலாம். தம்பியும் நம்பினான்.

லென்ஸ்கள் அப்பாவுடையவை. ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவற்றில் பூஞ்சை பிடித்தபோதெல்லாம் கழற்றித் துடைத்துக் கொடுத்தவன் நான். தம்பி ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் கடைசியில் அப்பா அத்தனையையும் அவனிடம் கொடுத்தார். “உனக்குக் கை இருக்குடா. அவனுக்குக் கண்ணு இருக்கு” என்றார், ஏதோ சமமாகப் பங்கு பிரித்துவிட்டவர் மாதிரி.

பொறாமையா என்று கேட்டீர்கள். ஆமாம். வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரில் மாட்டிய அவன் படங்களைப் பார்த்து மாய்ந்து போவார்கள். பிறகு சொல்லி வைத்தாற்போல என் பக்கம் திரும்பி, நீங்கள் படம் எடுப்பதில்லையா என்பார்கள். சிரித்துக்கொண்டே டீ கொடுப்பேன்.

போன வருஷம் அவனுடைய கேமரா படுத்துவிட்டது. “அப்பா லென்ஸெல்லாம் மாட்டற மாதிரி ஒண்ணு பாத்துக் குடேண்ணா. ரொம்ப விலை வேணாம்” என்றான். நான் ஏனோதானோவென்று எதையும் அவன் தலையில் கட்டவில்லை. தேடி அலைந்து, அந்த விலையில் கிடைத்தவற்றிலேயே நல்லதைத்தான் எடுத்தேன். உலோக உடம்பு, வெளிச்சமான வ்யூஃபைண்டர், பழைய லென்ஸோடு மல்லுக்கட்டாத லைட் மீட்டர். பின்பக்கத் திரையில் பார்த்து ஃபோகஸ் செய்யும் வசதி மட்டும் அதில் கிடையாது. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துத்தான் ஆக வேண்டும். எனக்கும் அதுதான் தேவைப்பட்டது.

கேமராவுக்குள் ஃபோகஸ் கண்ணாடி என்று ஒரு சின்னத் தகடு உண்டு. வ்யூஃபைண்டரில் நாம் பார்ப்பது அதில் விழும் பிம்பத்தைத்தான். அதன் விளிம்பில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வெட்டி வைத்தேன். அவ்வளவுதான். தகடு ஒரு இழை விலகிவிடும், கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிவது படத்தில் துல்லியமாக இருக்காது. முகத்தை எடுத்தால் கண்கள் மங்கி, காது மடல் தெளிவாக விழும்.

கொஞ்ச நாளில் கேமராவோடு வந்தான். ஏதோ கோளாறு என்றான். அவனை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். பழைய லென்ஸ்களில் தூரம் பொறித்திருக்கும். என் மேசையிலிருந்து அந்த நாற்காலி எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும், அதனால் வ்யூஃபைண்டரை நம்ப வேண்டியிருக்கவில்லை. படம் கண்ணாடி மாதிரி வந்தது. கேமரா நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவனாகத்தான் கண்ணைத் தேய்த்துக்கொண்டான்.

கண் டாக்டர் ஒன்றுமில்லை என்றார். ஆரம்பத்தில் டாக்டர்களுக்குப் பிடிபடாது, அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது என்றேன். அப்பாவுக்கு இருந்தது வயதானவர்களுக்கு வரும் சாதாரணப் புரை. அப்போது சின்னப் பையனாக இருந்த தம்பிக்கு அதெல்லாம் புரியவில்லை, இப்போதும் விசாரிக்கவில்லை. நிச்சயமாகியிருந்த கல்யாணத்தை அவனே நிறுத்தினான். பார்வை போகப்போகிறவனைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்றான். இப்போதே பழகிக்கொள்வது நல்லது என்று நான்தான் யோசனை சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு முதலில் வீட்டுக்குள் நடந்தான், பிறகு தெருவில், என் குரலைப் பிடித்துக்கொண்டு. நான் ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. அந்த மாதங்களில் நாங்கள் இருந்த மாதிரி எந்த அண்ணன் தம்பியும் ஒட்டி இருந்திருக்க மாட்டார்கள்.

படம் எடுப்பதை மட்டும் அவன் விடவில்லை. அன்று காலை சிரித்துக்கொண்டே வந்தான்.

“கண்ணுக்குத் தெளிவாத் தெரியற எடத்துல இப்பல்லாம் நிறுத்தறதில்லண்ணா. அங்கேருந்து ஒரு துளி திருப்பிடறேன். கண்ணு போனா என்ன, கைக்குத் தெரியுது.”

அப்பா எனக்கென்று விட்டுவைத்தது கை ஒன்றுதான். அதையும் அவன் எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டதுகூடத் தெரியாமல் சிரித்தான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைவீதியில் நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அவன் அப்பாவின் நீள லென்ஸை மாட்டி என்னை ஒரு படம் எடுத்தான். பிறகு கேமராவைத் தோளில் தொங்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

“வரலாமாண்ணா?”

லாரி வளைவில் திரும்பியிருந்தது. கடைவீதிச் சந்தடியில் அதன் சத்தம் அவனுக்குத் தனியாகக் கேட்டிருக்காது.

“வா” என்றேன். எப்போதும் சொல்கிற குரலில்தான் சொன்னேன்.

லாரியைப் பற்றி இவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவ்வளவு அடிபட்டும் கேமரா வேலை செய்கிறதே என்று ஆச்சரியப்படுகிறீர்கள். செய்யும். பார்த்துப் பார்த்து எடுத்தது. என்னால் ஒப்புக்கொள்ள முடியாதது நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் இந்தக் கடைசிப் படத்தைத்தான். என் இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிகிறது. அந்தக் காகிதம் உள்ளே இருக்கும்போது யாராலும் இப்படி எடுக்க முடியாது. கேமராவைப் பிரித்துப் பார்த்தோம், காகிதம் வைத்த இடத்திலேயே இருக்கிறது என்கிறீர்கள். இன்னொரு தடவை பாருங்கள். நகர்ந்திருக்கும்.