மூன்று அடைப்புக் கட்டைகள்

ஊறி உப்பிய மரத்தை வெயிலில் போடக் கூடாது ஐயா. பலரும் செய்கிற தப்பு அது. மேல்பக்கம் காய்ந்து வெடித்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். இரண்டு முனைகளிலும் மெழுகைத் தடவி, பழைய செய்தித்தாளில் சுற்றி, அடுப்புக்கு மேலே இருக்கிற பலகையில் வைக்க வேண்டும். தாள் ஈரமானால் மாற்ற வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

படகுத்துறைப் பட்டறையில் முப்பத்தொரு வருடமாக நான்தான் தச்சன். ஆட்களை ஆற்றின் அக்கரைக்கு ஏற்றிப் போகிற மரப்படகின் அடியில் மூன்று துளைகள் உண்டு. கோழிமுட்டைப் பருமன் இருக்கும். கரையில் ஏற்றும்போது உள்ளே தேங்கிய தண்ணீர் வடிவதற்காக வைத்தது. மறுபடி இறக்குவதற்கு முன்னால் மரக்கட்டையால் அடைத்துவிடுவோம். தண்ணீர் குடித்து உப்பினால் சம்மட்டியால் அடித்தாலும் அது அசையாது. மேலே நடைபலகையைப் போட்டுவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. என் வேலையை இதுவரை யாரும் சரிபார்த்ததில்லை. அவ்வளவு நம்பிக்கை.

என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அம்மா இறந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அடுத்த வருடமே மரம் அறுக்கிற இயந்திரத்தில் என் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அன்றிலிருந்து என் சட்டைக்குப் பொத்தான் போடுவது அவள், நகம் வெட்டிவிடுவது அவள். காலையில் அக்கரை மருத்துவமனைக்கு வேலைக்குப் போவாள், சாயங்காலம் வருவாள். படகின் சத்தம் கேட்டதும் நான் அடுப்பில் தண்ணீர் வைப்பேன். பதினோரு வருடம் இப்படித்தான். எனக்கு வேறு ஆசை கிடையாது. பேராசைக்காரன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

போகவர இருந்ததில் அவளுக்குப் படகோட்டியோடு பழக்கமாகிவிட்டது. நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் என் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, அவருக்கு மேல்துறை ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் நாங்க ரெண்டு பேரும் போறோம். அங்கயே கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கிறோம்."

மூன்று நாள் நான் சாப்பிடவில்லை. நான்காம் நாள் அவள் காலைப் பிடித்தேன். பெற்ற பிள்ளையின் காலை. "எழுந்திரிங்கப்பா, பயமா இருக்கு" என்று அழுதாள், ஆனால் முடிவை மாற்றவில்லை. பிறகு படகுத்துறைக்குப் போய் அவனிடமும் கெஞ்சினேன். கயிறு சுற்றிக்கொண்டிருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, உங்களைத் தனியா விட்டுட்டுப் போறோம்னு யார் சொன்னா? ரெண்டு அறை இருக்கிற வீடா பார்த்திருக்கேன். நீங்களும் வந்துடுங்க."

பெருந்தன்மையான பேச்சு. ஆனால் யோசித்துப் பாருங்கள். அங்கே அவள் முதலில் அவன் சட்டைக்குத்தான் பொத்தான் போடுவாள். நான் என் முறைக்காக வாசலில் நிற்க வேண்டும். அந்த நாட்களில் வெறும் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருவேன். அடுப்பு, பாய், அவள் சீப்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் படகு வர்ணம் பூசக் கரையேறியது. கட்டைகளைக் கழற்றினேன். புதிதாகக் கடைந்து, இரண்டு நாள் வாளியில் ஊறப்போட்டு அடைப்பதுதான் முறை. நான் பழையதையே வீட்டுக்குக் கொண்டுபோய் உலர்த்தினேன். "எதுக்குப்பா இது?" என்று கேட்டாள். "பத்திரமா இருக்கட்டும்" என்றேன். தாளை மாற்றுவதற்கு அவளும் கைகொடுத்தாள். நன்றாகக் காய்ந்தபோது துளைக்குள் போட்டால் ஆடும் அளவுக்கு மெலிந்திருந்தன. அவர்கள் கிளம்புகிற நாள்தான் படகைத் திரும்ப இறக்குகிற நாளும்; அன்று விடியற்காலையில் இவற்றையே துளைகளில் அடைத்துவிட்டு வந்தேன்.

படகு துறையிலேயே நீர் ஏறி நிற்கட்டும், அன்றைய பயணம் கெடட்டும், அவ்வளவுதான் என் எண்ணம். ஒரு நாள் தள்ளிப்போனால் அவள் மனம் மாறலாம் இல்லையா? இதை முதலிலேயே உங்களிடம் சொன்னேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள்.

அவர்கள் கிளம்புகிற காலையில் எனக்கு நெஞ்சு வலித்தது. வலிக்கிறது என்று சொன்னேன், சொல்லச் சொல்ல நிஜமாகவே வலித்தது. அவள் பெட்டி ஏற்கனவே படகில் ஏறியிருந்தது. வாசலில் நின்று போனில் அவனிடம் பேசினாள்: "நீங்க போங்க. அப்பாவுக்கு முடியலை. நான் அடுத்த நடையில வந்துடறேன்." பிறகு என் நெஞ்சைத் தடவிக்கொடுத்தபடி உட்கார்ந்தாள். கை சூடாக இருந்தது. நன்றாகத் தூங்கிவிட்டேன். கரையில் எழுந்த கூச்சல்தான் எழுப்பியது.

படகில் இருபத்திரண்டு பேர். உயிரோடு கரைசேர்ந்தவர்கள் பதின்மூன்று பேர். அவனுக்கு நன்றாக நீச்சல் தெரியும். இரண்டு பேரைக் கரையில் விட்டுவிட்டு மூன்றாவது ஆளுக்காகத் திரும்பிப் போனானாம்.

நாற்பது நாள் அவள் எங்கும் போகவில்லை. நான் சமைத்தேன், அவள் சாப்பிட்டாள். ஒருநாள் அவன் படத்தை மாட்டச் சுத்தியல் தேடி என் கருவிப்பெட்டியைத் திறந்தாள். அதில் ஒரு பலகைத் துண்டு இருந்தது. நடுவில் கோழிமுட்டைப் பருமனில் ஒரு துளை, அதில் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு காய்ந்த கட்டை, சுற்றிலும் வெள்ளையாகத் துணி சோப்பு. தச்சன் மகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சுத்தியலைக் கீழே வைத்தாள். செருப்புக்கூடப் போடாமல் நேராகக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு வருகிறேன். துறையிலேயே நீர் ஏறினால் போதும் என்றால் சோப்பு எதற்கு? நியாயமான கேள்வி. சோப்பு இல்லாவிட்டால் துறையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்காகத்தான் இடைவெளியில் சோப்பை அப்பினேன். அதே அளவில் இன்னொரு கட்டை செய்து, அந்தப் பலகைத் துண்டில் செருகி, வாளித் தண்ணீரில் ஆறு தடவை பிடித்துப் பார்த்தேன். சோப்பு கரைந்து கட்டை நழுவ ஏறக்குறைய பதினெட்டு நிமிடம். கட்டை மறுபடி தண்ணீர் குடித்து உப்ப அரை நாளாவது வேண்டும். படகைத் தண்ணீரில் இறக்கி, ஆளேற்றி, நடு ஆற்றுக்குப் போகப் பதினேழு நிமிடம். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். மற்றவர்கள் அதில் இருந்தது எனக்கும் வருத்தம்தான், ஆனால் அவனை மட்டும் தனியாக ஏற்றி அனுப்புகிற வழி இல்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். இந்த விரல்களால் கொஞ்சம் நேரமாகும். பார்க்க வருகிறவர்களை எந்தக் கிழமையில் உள்ளே விடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். இப்போது கோபமாகத்தான் இருப்பாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவள் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் கட்டாயம் வருவாள் ஐயா. என்னை விட்டால் அவளுக்கு இனி வேறு யார் இருக்கிறார்கள்?