சிவப்புப் புள்ளி இல்லாத படம்

இரவு இரண்டரை மணி. யார்க்‌ஷயர் மேட்டுநிலச் சாலை. விளக்கு இல்லை, வண்டி இல்லை... மூடுபனிக்குள் நனைந்த ஆட்டு ரோமத்தின் நாற்றம் மட்டும்.

நெருங்கி உட்காருங்கள், இந்த அறையின் ஹீட்டர் செத்துவிட்டது. இது என் சிநேகிதி ஹேசலின் நாத்தனார் கிளெண்டாவுக்கு நடந்தது. கைப்பேசி இல்லாத காலம்.

கிளெண்டாவும் நானும் ஒரே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர்கள். அப்போது எங்கள் பிழைப்பு அப்படி... கண் உண்டு, வாய் கிடையாது. எலும்பு முறிந்திருப்பது பளிச்சென்று தெரிந்தாலும் நோயாளியிடம் மூச்சு விடக்கூடாது. சந்தேகம் இருந்தால் படத்தின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டலாம். டாக்டர் அதைப் பார்த்து உஷாராவார். எங்கள் அதிகாரம் அந்தப் பொட்டளவுதான்.

அன்று இரவு வில்ஃப் கிரேசன் வந்தார். ஆட்டுப் பண்ணைக்காரர், வைக்கோல் பரணிலிருந்து விழுந்தவர்.

"மூஞ்சி அழகா விழுந்திருக்கா, கண்ணு?"

"எடுத்தது கழுத்தை. வாயை மூடிட்டு ஆடாம படுங்க."

சிரித்தார். படத்தை விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தாள். கழுத்தின் இரண்டாம் எலும்பில் மயிரிழையாக ஒரு கோடு. புள்ளி ஒட்டப் போனால்... ஸ்டிக்கர் சுருள் தீர்ந்திருந்தது. புதுச் சுருள் எடுக்க ஸ்டோருக்கு ஓடினாள்.

திரும்பி வருவதற்குள் அவசரப் பிரிவின் சின்ன டாக்டர் படத்தைப் பார்த்து, கழுத்துப் பட்டியைக் கழற்றி, ஆளையே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

"அதுல புள்ளி இல்லையேம்மா!"

"அதை எடுக்கத்தானே போனேன்! கழுத்து உடைஞ்சிருக்கு டாக்டர்!"

"படம் எடுக்கறது உங்க வேலை. படிக்கிறது எங்க வேலை."

எனக்கு இன்றைக்கும் அந்த ஆளை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. கிளெண்டா பண்ணைக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது... யாரும் எடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு பறந்தாள். சர்ச் பக்கமே போகாதவள், அன்று வழியெல்லாம் அழுதுகொண்டே வேண்டினாள். அவர் தலையைத் திருப்பாமல் இருக்கவேண்டும், அது போதும்.

வளைவில் அவருடைய ஜீப், பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. சூடான இன்ஜின் டிக்... டிக்... என்று ஆறிக்கொண்டிருந்தது. பெட்ரோல் நெடி. சற்றுத் தள்ளி, பனிக்குள், தொப்பியும் கோட்டுமாக வில்ஃப் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

உயிரோடு!

கூப்பிட வாயெடுத்தவள் கையால் பொத்திக்கொண்டாள். கூப்பிட்டால் திரும்புவார். திரும்பினால் போச்சு. காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் ஓடினாள். முன்னால் போய் அவர் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையெட்டும் தூரத்தில்... அவரே நின்றார்.

"யாரு, படக்காரப் பொண்ணா?"

"ஆமா. திரும்பாதீங்க. உங்க கால்ல விழறேன், திரும்பாதீங்க. கழுத்து உடைஞ்சிருக்கு."

அந்தக் குளிரிலும் அவர் வாயிலிருந்து மூச்சின் ஆவியே வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இதை அங்கயே சொல்லியிருக்கலாமே, கண்ணு."

திரும்பினார். உடம்பு திரும்பவில்லை. தலை மட்டும்... மெதுவாக... காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். கோட்டின் முதுகுக்கு மேலே முழு முகமும் அவளைப் பார்த்தது.

காலையில் போலீஸ்காரர்கள் வில்ஃபை ஜீப்புக்குள்ளிருந்துதான் எடுத்தார்கள். பள்ளத்தில் விழுந்த நொடியே உயிர் போயிருக்கும் என்றார்கள். கிளெண்டா சாலையோரம் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் காலம் மாறியது. எங்களுக்கும் படம் படிக்கும் உரிமை வந்தது. கிளெண்டா வெறி பிடித்தவள்போல் படித்துத் தேறினாள். இப்போது அவளே பார்க்கிறாள், அவளே முடிவெழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். மயிரிழைக் கோடுகூடத் தப்பாது. தப்பவிட அவளுக்குத் தைரியம் இல்லை. இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் படிப்பாள்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி உள்ளே டீ கொண்டுபோனாள். வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"உள்ள ஒரு பெரியவர், எனக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறாரே... அவர் ஏன் என்னையே பார்க்கிறாரு?"