எவ்வளவு வெட்டுறது

இல்ல தம்பி, உள்ள இருக்கிறவங்க நோயாளி இல்ல. நோயாளி நான்தான். அவங்க என் பிள்ளைங்க, டாக்டரோட பேசிட்டிருக்காங்க. நீ வெளியவே இரும்மா, உள்ள குளிரும்னு என்னை உக்கார வெச்சுட்டுப் போனாங்க. நீங்களும் உக்காருங்க. இது இப்போதைக்கு முடியாது.

எனக்கா? நெஞ்சுல சளி கட்டியிருக்காம். எங்கிட்ட அப்படித்தான் சொல்லியிருக்காங்க. உண்மையில புற்றுநோய்தான். ஆரம்ப நிலை. வலது நுரையீரல்ல, ஒரு கோலிக்குண்டு அளவு. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தவ. அடுத்தவங்க பேசுறது காதுல விழுந்தும் விழாத மாதிரி முகத்தை வெச்சுக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. இவங்க மிக்ஸியை ஓடவிட்டுட்டு சமையலறையில ரகசியம் பேசுறாங்க.

வலது பக்கம் நுரையீரல் மூணு மடலா இருக்குமாம். கட்டி இருக்கிற மடலையே முழுசா எடுத்துடணும்ங்கிறான் மகன். அவன் அப்படித்தான், தலையணையில கறை பட்டா மெத்தையையே தூக்கிப் போடுவான். செல்போன்ல ஒரு நுரையீரலைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிக் காட்டுறான். என்னோடது இல்ல, யாரோடதோ. மக சொல்றா, கட்டியையும் சுத்தியிருக்கிற கொஞ்சத்தையும் எடுத்தாப் போதும், அம்மாவுக்கு மூச்சு விட மிச்சம் வேணாமான்னு. அம்மா மேல அவ்வளவு அக்கறை. அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேக்கணும்னுதான் யாருக்கும் தோணல.

மருமகன் இருக்காரே, அவருக்கு எவ்வளவு எடுக்கிறாங்கங்கிறதே முக்கியமில்ல. ரோபோதான் எடுக்கணும். விலா எலும்பை விரிச்சுப் பண்றது தாத்தா காலமாம். ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பண்றதும் பழசாயிடுச்சாம். அந்த ரோபோவை ஓட்டுறதும் இதே டாக்டர்தான் சார்னு நர்ஸ் சொன்னாங்க பாருங்க, மனுசனுக்கு முகமே விழுந்துடுச்சு.

கேட்டுச்சா? மேசையைத் தட்டுறது மகன். தங்கச்சி குரல் உசந்தா இவன் தட்டுவான். சின்ன வயசுலேர்ந்தே.

டாக்டரா? ரெண்டுலயும் நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்குன்னு மாத்தி மாத்திச் சொல்லிட்டிருப்பாரு. அவரைக் குத்தம் சொல்லாதீங்க. நான் சொல்லச் சொன்னதைத்தான் சொல்றாரு.

ஆமா தம்பி. போன வாரம் காய் வாங்கப் போறேன்னுட்டு தனியா வந்தேன். கட்டி சின்னது, ஓரமா இருக்கு, உங்களுக்குக் கொஞ்சமா எடுத்தாலே போதும், முழு மடல் எடுக்கிறதுக்கு இது ஒண்ணும் குறைச்சல் இல்லன்னாரு. திரும்பி வராதான்னேன். எதை எடுத்தாலும் அந்த உத்தரவாதம் யாரும் தர முடியாதும்மான்னாரு. மூஞ்சிக்கு நேரா ஒருத்தர் சொன்னதே நிம்மதியா இருந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன். வியாழக்கிழமை ஆபரேஷன். தேதி இவங்களுக்கும் தெரியும், எவ்வளவு வெட்டுறதுன்னுதான் இன்னும் தீரல.

பயமில்லாம இருக்குமா? மூச்சை இழுக்கிறப்பல்லாம் அது எங்க இருக்குன்னு தேடிப் பாக்கிறேன்.

உள்ள போய்ச் சொல்லிடலாம்தான். சொன்னா அந்த நிமிஷமே சண்டை முடிஞ்சுடும், ஆளுக்கொரு பக்கமாக் கிளம்பிடுவாங்க. அண்ணனும் தங்கச்சியும் ஒருத்தரோட ஒருத்தர் பேசி ஆறு வருஷமாச்சு தம்பி. இந்தக் கட்டி வந்தப்புறந்தான் பேசுறாங்க. வியாழக்கிழமை வரைக்கும் பேசட்டுமே.