கரும்பச்சைக் கோட்

நல்ல துணி உடுத்த வசதி வேண்டியதில்லை, ஐயா. பொறுமை இருந்தால் போதும். தள்ளுபடி நாளில் கடைக்குப் போய் முண்டியடிப்பவர்களுக்குக் கடைசியில் சாயம் போகிற சரக்குதான் கிடைக்கும். நான் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பேன். கழித்துப்போட்ட துணி விற்கிற கடையில் பொறுக்கி எடுத்து, வீட்டில் பிடித்துத் தைத்து உடுத்திக்கொண்டு போனால், என் நாத்தனாரே வாயைப் பிளப்பாள். எனக்கு 'மினுக்கி' என்று பெயர் வைத்தவள் அவள்தான்.

வேலை, வீட்டோடு இருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது. பதினெட்டு வருடமாகத் தூக்கி, துடைத்து, ஊட்டி, இடுப்பு விட்டுப்போயிற்று. வெளிறிய சீருடையில் இருக்கும்வரை யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. நல்ல துணியில் தெருவில் இறங்கினால் பேருந்தில்கூட நகர்ந்து இடம் கொடுப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

நோயாளி போய்ச் சேர்ந்ததும் வீட்டார் அலமாரியைக் காலி செய்வார்கள். "இதெல்லாம் நீங்களே எடுத்துக்குங்க, எங்க கண்ணுல படாம இருந்தா போதும்" என்பார்கள். முதல் முறை அப்படித் தானாகக் கிடைத்தது. அதற்குப் பிறகு கடைகளுக்குப் போவதை விட்டுவிட்டேன். அலைச்சல் மிச்சம். புது நோயாளி என்று தகவல் வந்தால் மற்றவர்கள் என்ன வியாதி என்று கேட்பார்கள். நான் என்ன உயரம் என்று கேட்பேன்.

மேனேஜரம்மா என் உயரம். வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர்; இதயம் பழுது. மாத்திரை தவறாமல் போனால் ஐந்தாறு வருடம் தாக்குப்பிடிப்பார் என்று டாக்டர் சொன்னார். அவர் அலமாரியில் கரும்பச்சைக் கோட் ஒன்று தொங்கியது. அப்படியொரு தையலை நான் பார்த்ததேயில்லை. ஐந்தாறு வருடத்தில் அதைப் பூச்சி அரித்துவிடும்.

எனக்குத் தோள் குறுகல். என் பழைய கோட்டை அதன் மேலே வைத்து அளவு பார்த்து, அவர் கட்டிலருகே உட்கார்ந்தே தோளைப் பிடித்துத் தைத்தேன்.

"என் கோட்டுதானே அது?" என்றார்.

"ஆமாம்மா. எழுந்து நடக்கிறப்போ போட்டுக்க வேணாமா?"

"உன்னை மாதிரி யாரு பார்த்துக்குவா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று மாலையிலிருந்து மாத்திரையை நிறுத்தினேன்.

கடைசிப் பயணத்துக்கு அந்தக் கோட்டைத்தான் போட்டு அனுப்ப வேண்டும் என்று அவர் மகள் பிடிவாதம் பிடிப்பாள் என நான் நினைக்கவில்லை. மற்ற வீடுகளில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. உடம்பு இளைத்தாலும் தோள் எலும்பு இளைக்காது. கோட் பாதியிலேயே நின்றுவிட்டது.

"அம்மா பாதியா இளைச்சுட்டாங்க. கோட்டு எப்படிப் பத்தாமப் போகும்?" என்று திரும்பினாள். அந்த வீட்டில் என் முகத்தை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மேனேஜரம்மாவோடு சேர்த்து மூன்று பேர். மூவருக்கும் மாத்திரையை நிறுத்தியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். திருடி என்று மட்டும் எழுத வேண்டாம், ஐயா. உயிரோடு இருப்பவர் துணியை நான் உடுத்தியதில்லை. தைத்து முடித்த பிறகு அந்தக் கோட் ஆறு நாள் அவர் அலமாரியிலேயே தொங்கியது. ஒருமுறைகூட நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.