வாட்ச கழட்டி வைங்க

அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, இடம் நெறைய இருக்கு, உள்ள வாங்க. செருப்ப அந்த மூலையில விடுங்க. போனு, கார் சாவி, வாட்சு எல்லாம் இந்தக் கூடையில. டீச்சரோட ரூல் அது. உக்காரும்போது உடம்புல கனமா ஒண்ணும் இருக்கக் கூடாதாம். ம், கழட்டி வைங்க. மெதுவா வைங்க தம்பி, மெதுவா.

ஒண்ணும் இல்ல தம்பி. அந்தச் சத்தம் கேட்டா எனக்கு லேசா தூக்கிவாரிப் போடும், அவ்வளவுதான். உக்காருங்க. மணி அஞ்சே கால் தான் ஆவுது, தியான கிளாஸ் ஆறரைக்கு. ரமணி டீச்சர் செலாயாங்லேர்ந்து வரணும், இந்த ஜாம்ல ஏழு ஆனாலும் ஆவும். நான் கிள்ளான்லேர்ந்து ட்ரெயின்ல வந்துடுவேன். கூட்டி, பாய விரிச்சு, ஃபேன தொடச்சு வெப்பேன். சம்பளம்லாம் கெடையாது. வீட்டுல சும்மா சுவத்த பார்த்துக்கிட்டு இருக்கறதுக்கு இங்க வந்து இந்த சுவத்த பாக்கலாம். இங்கயாச்சும் ஜன்னல் வழியா பிரிக்பீல்ட்ஸ் பூரா தெரியும், வடை வாசம் வரும்.

பலன் இருக்கான்னா கேக்குறீங்க? இருக்கு. ஏன் பொய் சொல்லணும். ரெண்டரை வருஷத்துக்கு முன்ன எனக்கு பிரஷர் நூத்தி எண்பது. கிளினிக்ல அந்த டாக்டர் பொண்ணு, அங்கிள், மருந்து மட்டும் பத்தாது, கோவத்த கொறைங்கன்னு சொல்லி இந்த அட்ரஸ எழுதிக் குடுத்துச்சு. போன வாரம் பாத்தேன், நூத்தி இருபது. நான் போர்ட்டுக்கு கன்டெய்னர் லோரி ஓட்டுறவன் தம்பி, முப்பத்தோரு வருஷமா. ஃபெடரல் ஹைவேல எவனாச்சும் குறுக்க வந்து வெட்டுனா, முன்னெல்லாம் ஸ்டீரிங் லாக் கம்பிய தூக்கிக்கிட்டு எறங்குவேன். இப்ப கைய காட்டுறேன், போ ராஜான்னு. கூட வேலை பாக்குறவனுங்க சிரிக்கிறானுங்க. கன்னையாவுக்கு என்னமோ ஆயிடுச்சுடா, எதுக்கும் தள்ளியே நில்லுங்கடாங்குறானுங்க.

ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. மூக்கு வழியா மூச்ச நல்லா இழுக்கணும், நாலு எண்ணணும். புடிச்சு வெக்கணும், நாலு. வாய் வழியா விடணும், ஆறு. கண்ண மூடிக்கணும். கோவம் வந்தா, வர்றத பார்த்துக்கிட்டே இருக்கணும், அதுகிட்ட பேசக் கூடாது. கொஞ்ச நேரத்துல அது போயிடும். நெசமாவே போயிடும் தம்பி, எனக்கே ஆச்சரியம்தான்.

கோவம் திரும்பி வராதான்னு ரெண்டாவது வாட்டி கேக்குறீங்க. வரும். வந்துட்டுப் போவும். ஆனா இந்தப் பயிற்சி எனக்கு இப்ப எதுக்கு உதவும்னு தான் தெரியல. கண்ணு கெட்ட பொறகு சூரிய நமஸ்காரம்பாங்க. நான் அத வார்த்தைக்கு வார்த்தை பண்றேன், காலையில பன்னெண்டு தடவை, டீச்சர் சொல்லிக் குடுத்த மாதிரியே. பண்ணி முடிச்சு நிமிர்ந்தா வீட்டுல யாரும் இல்ல.

வெளியூருக்கெல்லாம் போகல. பந்திங்ல இருக்காங்க, மச்சான் முகுந்தன் வீட்டுல. என் சம்சாரம் லோகேஸ்வரியும் மகளும். ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரே புள்ள, மலருன்னு பேரு, பேங்க்ல வேலை. அடுத்த மாசம் பதினாலாம் தேதி அவளுக்குக் கல்யாணம், கிள்ளான்லயே மண்டபம் புக் பண்ணிருக்காங்க. நான் அங்க வரலாமா வேணாமான்னு மலர் இன்னும் ஒண்ணும் சொல்லல. யோசிக்குது அத்தான், நெருக்காதீங்கன்னு முகுந்தன் சொல்றான். நான் ஏன் நெருக்குறேன்? நெருக்குனவன் தான், இப்ப இல்ல.

ஏன் போனாங்கன்னு கேக்க கூச்சப்படுறீங்க. நானே சொல்றேன். அடிப்பேன் தம்பி. குடிச்சிட்டெல்லாம் இல்ல, நான் குடிக்கிறதே இல்ல, அத சொல்லிக் கூட தப்பிக்க முடியாது. சம்சாரத்த அடிச்சேன், மகளையும் அடிச்சேன். இருபது வருஷத்துக்கு மேல. கொழம்புல உப்பு, வாசல்ல செருப்பு கெடக்குற விதம், எதுக்குன்னு ஒரு கணக்கு கெடையாது. போர்ட்டு கேட்டுல எட்டு மணி நேரம் லோரிக்குள்ள உக்காந்திருந்துட்டு வருவேன், யார் மேலயாச்சும் எறக்கி வெக்கணும், வீட்டுல இவங்க ரெண்டு பேரு இருந்தாங்க.

இன்னொன்னும் சொல்லிடுறேன். கம்பெனியில இருபது வருஷம் சர்வீஸுக்கு ஒரு வாட்ச் குடுத்தானுங்க. நல்ல கனமான வாட்ச், இரும்புச் செயின். ஒரு தடவை அது அவ கன்னத்துல கீறிடுச்சு. மறுநாள் கோயிலுக்குப் போனா எல்லாரும் என்னா ஆச்சு லோகா, என்னா ஆச்சுன்னு கேட்டுட்டாங்க. அன்னிலேர்ந்து நான் மொதல்ல வாட்ச கழட்டி பிரிட்ஜ் மேல வெச்சிடுவேன். அப்புறம் தான் கைய ஓங்குவேன். அவளுக்கு காயம் படக் கூடாதுன்னு. அது ஒரு நல்ல காரியம்னு வேற நெனச்சிக்கிட்டேன், பாருங்க. கத்த மாட்டேன் தம்பி நான். கத்துறவன் அடிக்க மாட்டான்னு நம்பி இருந்திடலாம். நான் பேச்ச நிறுத்திடுவேன். மூக்கால மூச்ச இழுப்பேன். பிரிட்ஜ் மேல டக்குன்னு ஒரு சத்தம் வரும்.

இப்ப புரியுதா? புரியல. சரி, கேளுங்க.

இங்க கிளாஸ் சேந்து நாலாவது மாசம். வீட்டுலயும் பண்ணுங்க கன்னையா அண்ணே, கோவம் வர்ற அந்த நிமிஷத்துலயே பண்ணுங்க, அதான் பரீட்சைன்னு டீச்சர் சொல்லிச்சு. நான் பயித்தியம் மாதிரி அந்த நிமிஷத்துக்கு காத்துக்கிட்டு இருந்தேன். எப்படா கோவம் வரும், எப்படா ஜெயிச்சுக் காட்டலாம்னு. ஏரியா பூரா மூணு நாளா தண்ணி இல்ல. சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன், என் யூனிஃபார்ம் எல்லாம் வாளியில சோப்போட ஊறிக்கிட்டு கெடக்கு. நாளைக்கு போட ஒண்ணும் இல்ல. வந்துச்சு பாருங்க, பாதத்துலேர்ந்து உச்சி வரைக்கும். உடனே எனக்கு டீச்சர் ஞாபகம். ஒரு வார்த்தை பேசல. கனமா ஒண்ணும் இருக்கக் கூடாதுல்ல, வாட்ச கழட்டி பிரிட்ஜ் மேல வெச்சேன். கண்ண மூடுனேன். மூக்கு வழியா மூச்ச நல்லா இழுத்தேன்.

நாலு. நாலு. ஆறு. ஒரு பத்து சுத்து பண்ணிருப்பேன். கோவம் எறங்குறது எனக்கே தெரியுது, குழாய்ல தண்ணி வடியிற மாதிரி. வாழ்க்கையில அவ்வளவு சந்தோஷமா நான் இருந்ததே இல்ல தம்பி. கண்ண தொறந்து, லோகா பாத்தியா, போயிடுச்சுன்னு சொல்லப் போறேன். அவ எனக்கு நேரா நிக்கிறா. ஈர சட்டைய நெஞ்சோட புடிச்சிக்கிட்டு, கண்ண இறுக்க மூடிக்கிட்டு. அவளும் மூச்ச புடிச்சு வெச்சிருக்கா. பத்து சுத்தும் அப்படியே நின்னிருக்கா, எப்ப விழும் எப்ப விழும்னு. அவளுக்குப் பின்னால வாஷிங் மிஷினுக்கும் சுவத்துக்கும் நடுவுல என் மக குந்தி உக்காந்திருக்கா, தலை மேல ரெண்டு கையையும் வெச்சிக்கிட்டு. இருபத்தஞ்சு வயசு. கழுத்துல பேங்க் டேக்கு தொங்குது.

நான் ஒண்ணும் இல்லம்மா, தியானம் பண்ணேன்னு சொன்னேன். மலர் சிரிச்சா. ஒரே ஒரு தடவை, ஹான்னு. அந்தச் சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

மறுநாள் வேலை முடிஞ்சு வந்தேன், அலமாரி காலி. இருபது வருஷம் அடிச்சப்ப போகல தம்பி. அடிக்காத அன்னிக்கு போயிட்டாங்க. மலர் முகுந்தன்கிட்ட சொன்னாளாம், எனக்கு என்ன வயசு மாமா, சம்பளம் வாங்குறேன், கார் ஓட்டுறேன், அந்தச் சத்தம் கேட்டதும் நான் தரையில இருந்தேன், எப்ப உக்காந்தேன்னு எனக்கே தெரியலன்னு. என் கோவத்துக்கு மருந்து இருக்கு. அவ முட்டிக்கு எங்க இருக்கு?

தண்ணி குடிக்கிறீங்களா? இந்தாங்க. குடிங்க, பிரவின்.

பயப்படாதீங்க. நீங்க படியேறி வந்தப்பவே தெரியும். உங்க நிச்சயதார்த்த போட்டோ முகுந்தன் அனுப்பிருந்தான், காதுகிட்ட இந்த மச்சம் அதுல நல்லா தெரியும். அதுவும் இல்லாம, வாசல்ல ஃபார்ம்ல என்ன பிரச்சினைக்கு வந்தீங்கன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. இங்க வர்ற எவனும் அத காலியா விட மாட்டான், எடம் பத்தலன்னு பின்னாடி எல்லாம் எழுதுவான். நீங்க காலியா விட்டுட்டீங்க. மலர் அனுப்புச்சா, நீங்களா வந்தீங்களா? சரி விடுங்க, அது உங்களுக்குள்ள. ஆளு நெசமா மாறிட்டானான்னு பாக்க வந்திருக்கீங்க. தப்பே இல்ல. என் மகளுக்காக ஒருத்தன் வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து பாக்குறான், அதுவே எனக்குப் போதும்.

மாறிட்டேன் தம்பி. அத போய் சொல்லுங்க. ஆனா கல்யாணத்துக்கு வரல, அதையும் சொல்லுங்க. வேணாம்னு அவ சொன்ன மாதிரி இருக்க வேணாம், பின்னாடி அது அவள உறுத்தும். நானே வரலன்னு சொல்லிட்டதா இருக்கட்டும். டூட்டின்னு சொல்லுங்க, கப்பல் வந்திருச்சுன்னு சொல்லுங்க, எதையாச்சும் சொல்லுங்க.

இல்ல, இல்ல. நான் யோசிச்சு தான் சொல்றேன். தாரை வாக்கும்போது அவ கைய நான் புடிச்சு உங்க கையில வெக்கணும். அந்த நேரத்துல எனக்கு அழுகை வரும். வராம இருக்குமா? அடக்கறதுக்கு மூக்கால மூச்ச இழுப்பேன். வேற எப்படி அடக்குறதுன்னு எனக்குத் தெரியாது. அத்தனை பேரு முன்னால, பட்டுப் புடவை கட்டிக்கிட்டு, அவ கை என் கையில வெடுக்குன்னு ஒதறும். எங்க ரெண்டு பேருக்கும் மட்டும் ஏன்னு தெரியும். அந்த நாள்ல அது அவளுக்கு வேணாம். முகுந்தன் தாரை வாத்துக் குடுக்கட்டும், அவன் நல்லவன், சத்தமா பேசுவான்.

கெளம்புறீங்களா? கெளம்புங்க, டீச்சர் வந்தா உக்கார வெச்சிடும். இந்தாங்க உங்க சாவி, போனு. இந்த வாட்ச். இரும்புச் செயின் தான் இல்ல? நீங்க கூடையில வெச்சப்பவே பார்த்தேன்.

என்னா அப்படி பாக்குறீங்க?

ஓ. நடந்திருக்கா. எங்க, உங்க வீட்டுலயா? கை கழுவ வாட்ச கழட்டி வெச்சீங்களா. மலர் தட்ட கீழ போட்டுட்டாளா. கை வழுக்கிடுச்சுன்னு சொல்லிருப்பாளே. ஆமா, அப்படித்தான் சொல்லுவா. அவ அம்மாவும் அப்படித்தான் சொல்லும்.

கீழ எறங்கி லெஃப்ட்ல போனீங்கன்னா பூக்கடைக்குப் பக்கத்துல ஒரு வாட்ச் கடை இருக்கு. ரப்பர் பட்டை போட்டுக் குடுப்பான், பத்து நிமிஷ வேலை. ஆறு மணிக்கு சாத்திடுவான் தம்பி, இப்பவே போயிடுங்க.