ஆமென் சொன்னது நான்தான்

கேட்டைச் சாத்தாதீங்க மேடம். இன்னிக்குப் பாஸ்டரு வரல, நான் ஒண்டியாத்தான் வந்துகீறேன். பெர்சிஸோட அம்மா, மரகதம். வடக்குப்பட்டு. போன மாசம் சபை ஆளுங்களோட வேன் எடுத்துக்கினு வந்து, அவள அனுப்புங்கன்னு உங்க ஹாஸ்டல் வாசல்ல கத்துனது நாங்கதான், இல்லன்னு சொல்லல. வார்டனா நின்னு தடுத்தீங்க, அது உங்க வேல. ஷிப்ட் பஸ் வர அரை மணி ஆவுமா? சரி. இப்படி நிழல்ல நின்னுக்கறேன். சேர் வேணாம் மேடம்.

எதுக்கு அவள நிம்மதியா விடமாட்டேன்றீங்கன்னு அன்னிக்குக் கேட்டீங்களே. பாஸ்டரு பக்கத்துல இருந்தாரு, அவரு முன்னாடி சொல்ல முடியல, இப்ப சொல்றேன். அவ ஏழு மாசத்துல பொறந்தவ மேடம். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிட்டாங்க. ஒரு கிலோ கூட இல்ல. டாக்டரம்மா கைய விரிச்சிட்டாங்க. வராண்டாவுலயே முட்டி போட்டு, கர்த்தரே, இது பொழச்சா உன் ஊழியத்துக்கே குடுத்துடறேன்னு சொல்லிட்டேன். பொழச்சிகிச்சு. அதுலருந்து நான் ஒண்ணுலயும் தவறல. பூ வச்சதில்ல, காதுல கம்மல் போட்டதில்ல, வெள்ளிக்கெழம பச்சத்தண்ணி பல்லுல படாது. சபையில எல்லார் முன்னாடியும் சாட்சி வேற சொல்லிட்டேன், இவ கர்த்தரோட புள்ளன்னு.

அவளாண்டயா? கேக்கல. அதான் மேடம். வேதாகமப் பள்ளியில சீட்டு வாங்கியாச்சுன்னு பாஸ்டரு வந்து சொன்னப்பத்தான் அவளுக்கே தெரியும். நேந்துகினது நீ, நீயே போன்னுட்டா. நேரா இந்தப் பென்னலூருக்கு வந்து செல்போன் கம்பெனில சேந்துட்டா. இருபத்தோரு வயசு, இன்னா பண்றது.

அன்னிலருந்து எனக்கு ஒழுங்கா தூக்கம் கெடையாது. ஒரகடம் ரோட்ல ஒரு ஆம்புலன்ஸ் போனா போதும், உள்ள அவதானோன்னு தோணுது. குடுக்கறேன்னுட்டுக் குடுக்கலயே, கர்த்தரே எடுத்துக்கினா? அவளுக்கு ஜுரம்னு கேள்விப்பட்டா, மாத்திர போட்டியான்னு கேக்கறதுக்கு முன்னாடி அவராண்ட மன்னிப்பு கேக்கறேன்.

போன ஞாயித்துக்கெழம சபையே எழுந்து நின்னு, கையத் தூக்கி, அவ வேல போவணும்னு ஜெபம் பண்ணுச்சு. வேல போனா திரும்பி வந்துடுவால்ல. நானும் சத்தமா ஆமென் சொன்னேன். வூட்டுக்கு வந்து சோத்துல கை வச்சப்பத்தான் ஒறைச்சுது. பெத்த புள்ள, எட்டு மணி நேரம் கால் கடுக்க நின்னுகினு வேல செய்யுது, அது கெட்டுப் போவட்டும்னு நானே கேக்கறேன். அவளப் பொழைக்க வச்சவரு இதையா கேப்பாரு? அப்படி யோசிக்கறதே பாவமோன்னு இன்னொரு பயம். இன்னிக்குக் காலைல முட்டி போட்டு அவராண்டயே சொல்லிட்டேன். கோவம்னா என் மேல காட்டு, அவ மேல கை வைக்காத, நான் குடுக்கறதா இல்லன்னேன். இத்தினி வருசத்துல அவர எதுத்துப் பேசனது இதான் மொத தடவ. கீழ்ப்படியாதவன்னு நெனைச்சாரோ, இல்ல நான் இப்படிச் சொல்லணும்னுதான் கேட்டாரோ, எனக்குத் தெரியல மேடம். பஸ் ஏறி வந்துட்டேன்.

எதுக்குன்னா... நாளைக்குள்ள ஒரிஜினல் மார்க் ஷீட் காட்டலன்னா வேல இல்லன்னு கம்பெனில சொல்லிட்டாங்களாமே. தொலைச்சிட்டேன்னு உங்களாண்ட அழுதாளா? நேத்து போன்ல என்னயும் கேட்டா, வூட்ல தேடிப் பாரும்மான்னு. நானும் தேடறா மாதிரி கொஞ்ச நேரம் போனப் புடிச்சிகினு நின்னேன். அவ தொலைக்கல மேடம். அவ கெளம்பறதுக்கு மொத நாளு நான்தான் எடுத்து அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சேன். சபை பண்ண ஜெபம் பலிக்கறதுக்குக் கர்த்தர் ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல. நான் சும்மா இருந்தாலே போதும்.

இந்தாங்க. பத்தாவது, பன்னெண்டாவது, டி.சி., எல்லாம் கீது. நீங்களே அவ கைல குடுத்துடுங்க. அதோ பஸ் திரும்புது, நான் அந்தப் பக்கமா போயிடறேன்.

இல்ல, வேணாம் மேடம். இப்படிக் குடுங்க. நானே அவளாண்ட உண்மையச் சொல்லிட்டுக் குடுக்கறேன்.